கோச்சி றோட்டைப் பார்த்த வீடு

எங்கள் வீடு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ரயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. முகத்தைக் காட்டி, வாசற்படியும் படலைக் கதவும் வைத்து, போகிற வருகிற ரயிலையெல்லாம் வரவேற்கிற வீடு வலிகாமத்திலேயே எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். முதன்முறை வருகிறவர்கள், "உதென்ன, வீட்டைப் பிரட்டிக் கட்டி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்காமல் போனதில்லை. அப்பா இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்கு நாங்கள் மறுமொழி சொல்வதில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்து வாயை அடைத்துவிடுவோம்.

இப்போது சொல்லலாம். அப்பா வீடு கட்டும்போது ரயில் இல்லை. சண்டைக் காலம். தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்கு குழிகளுக்கு, பங்கர்களுக்கு, மேலே அடுக்கியாயிற்று. சிலிப்பர் கட்டைகளும் அதே வழியில் போய்விட்டன. மிஞ்சியது வெள்ளம் நிற்காத, நேரான, மேடான ஒரு வெறும் பாதை. ஊரின் மற்றத் தெருக்களெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடக்க, சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய பழைய கார்களும் அந்தப் பாதையால்தான் போயின. எங்கள் பழைய ஆட்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். கோச்சி போன பிறகும் அந்தப் பாதைக்குக் கோச்சி றோட்டு என்ற பெயர் நின்றது.

அப்பப்பாவின் காணியை அப்பாவும் சித்தப்பாவும் பங்குபோட்டது அந்தக் காலத்தில்தான். மேற்கே கோச்சி றோட்டு, கிழக்கே ஒழுங்கை என்கிற சின்னச் சந்து. மூத்தவர் என்பதால் அப்பாதான் முதலில் துண்டைத் தெரிந்தெடுத்தார். யோசிக்காமல் மேற்குப் பக்கத்தை எடுத்தார். ஒழுங்கைக்குப் போய்வர ஒரு வழி விடவேண்டுமா என்று காணி அளக்க வந்தவர் கேட்டிருக்கிறார். "ஓம் அண்ணை, ஒரு வண்டில் போற அளவுக்கு வழி விடுவம், பிறகு உதவும்" என்று சித்தப்பாவே சொன்னாராம். அப்பா எல்லாருக்கும் முன்னால் சிரித்தாராம்.

"எனக்கு முன்னாலை பெருந்தெரு கிடக்கு. உன்ரை ஒழுங்கைக்குள்ளாலை நான் ஏன்ரா வரவேணும்? உனக்குத்தான் ஒரு நாளைக்கு என்ரை வளவுக்குள்ளாலை வழி தேவைப்படும். அப்ப வந்து கேள், யோசிப்பம்."

இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சித்தப்பாவுடன் பிரச்சினை வரும்போதெல்லாம் சொல்லுவா, அதனால் எனக்கு மனப்பாடம். அப்பா சொன்ன அந்த ஒரு கதையைச் சித்தப்பா இன்றுவரை மறக்கவில்லை. வீட்டை மேற்கே பார்க்கக் கட்டி அப்பா குடிபுகுந்த பிறகு, சித்தப்பா நடுவில் மதில் எழுப்பினார். தன் பக்கத்தில் மதிலோடு ஒட்டிச் சமைக்கக் குசினி கட்டினார், கக்கூஸ் குழி வெட்டினார், அறைகள் இறக்கினார். கிணற்றுக்கும் குசினிக்கும் இடையில் மட்டும் ஓர் ஓட்டோ நுழையக்கூடிய இடைவெளி மிஞ்சியது. எங்கள் வீட்டு வாழ்வும் சாவும் அந்த இடைவெளியில் வந்து நிற்கும் என்று அப்போது ஒருவரும் நினைக்கவில்லை.

சண்டை முடிந்தது. சில வருடங்களில் கோச்சி திரும்பி வந்தது. முதலில் எல்லைக் கல், பிறகு சல்லி, பிறகு தண்டவாளம். எங்கள் படலைக்கு வெளியே சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓராள் போகும் அளவுக்கு ஒரு விளிம்புதான் மிஞ்சியது. அந்த விளிம்பால், தெரு தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும் கடவை வரைக்கும் நடந்து, அங்கேதான் தெருவில் ஏறவேண்டும். கிழக்குப் பக்கத்து ஒழுங்கைக்கோ தார் போட்டு, லைட்டும் போட்டார்கள். முதல் ரயில் வந்த அன்று ஊரே திரண்டு நின்று கைதட்டியது. அப்பாவும் புதுச்சேர்ட் போட்டுக்கொண்டு படலையில் நின்றார். நான் ரயிலைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைத்தான் பார்த்தேன். "நல்ல விசயந்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

அதன் பிறகு நாங்கள் கொழும்புக்குப் போகிற வருகிற சனங்களுக்கு முன்னால் குடித்தனம் நடத்தினோம். நான் சீப்பால் தலையிழுப்பதையும், அம்மா அரிசி களைவதையும், அப்பா வாய் கொப்பளித்துத் துப்புவதையும் தெரியாதவர்கள் யன்னலில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டு போவார்கள். சிலர் கை காட்டுவார்கள். சின்னப் பிள்ளைகள் காட்டினால் நானும் காட்டுவேன், பெரியவர்கள் காட்டினால் எரிச்சல் வரும். எங்கள் வீட்டுச் சண்டைகளும் ரயிலுக்கு நின்றுதான் போகும். அது கடக்கும்வரை வாயை மூடிக்கொண்டு முறைத்தபடி நிற்போம். கடந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம்.

அப்பா இருந்த கடைசி மார்கழியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எங்கள் குளிர் ஒன்றும் பெரிய குளிரில்லை. கனடாவிலிருக்கும் அண்ணை போனில், "உதெல்லாம் ஒரு குளிரே? இஞ்சை வந்து பாருங்கோ, கண்ணிமை உறையும்" என்று நக்கலடிப்பான். உண்மைதான். விடியற்புறம் ஒரு போர்வை, தலைக்கு ஒரு துவாய், அவ்வளவு போதும். ஆனால் அப்பாவின் நெஞ்சுக்கு அந்த அளவே அதிகமாக இருந்தது. வாடைக்காற்று தொடங்கியதும் இழுப்பும் தொடங்கியது. மூச்சு உள்ளே போகிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

கார்த்திகை முடிகிற நேரம் ஒரு பகலில் முதன்முறையாக மூச்சு முட்டியது. அம்புலன்ஸ் கடவையில் நின்றுவிட்டது. வந்த இரண்டு பொடியளும் தூக்குப் படுக்கையைக் காவிக்கொண்டு விளிம்பால் ஓடிவந்தார்கள். அந்த விளிம்பில் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியாது. ஒருவன் காலில் சல்லி சறுக்க, படுக்கை சரிய, அம்மா கத்த, ஒருவாறு கொண்டுபோய்ச் சேர்த்தோம். அப்பா அந்தத் தடவை தப்பினார். திரும்பப் போகும்போது வந்தவர்களில் ஒரு பொடியன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: "அக்கா, பின்பக்கத்தாலை ஒரு வழி எடுங்கோ. அடுத்தமுறை நேரம் கிடைக்காது."

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியிருந்தது. நான் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறவள். விடுமுறையில் செய்யவென்று வைத்திருந்த வேலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் சித்தப்பாவிடம் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் போக, விளிம்பால் நடந்து, கடவையில் ஏறி, தெருவால் சுற்றி, ஒழுங்கைக்குள் இறங்கவேண்டும். அவர் இருமினால் எங்கள் குசினியில் கேட்கும், ஆனால் அவரைப் பார்க்க ஊரைச் சுற்றவேண்டும்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. என்னை இருத்தி, முதலில் அப்பா எப்படியிருக்கிறார் என்றுதான் கேட்டார். நான் இடைவெளியைக் காட்டிச் சொன்னேன். மதிலில் அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஒரு கேற் போட்டால் ஓட்டோ வீட்டு வாசலுக்கே வரும் என்றேன். அவர் எழும்பிப் போய் அந்தத் துண்டைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"நான் வேண்டாமெண்டு சொல்லேல்லைப் பிள்ளை. கொப்பர் தன்ரை வாயாலை ஒருக்காக் கேக்கட்டும். 'தம்பி, ஒரு வழி விடு' எண்டு ஒரு சொல்லு. நாளைக்கே நானே அலவாங்கு எடுத்து இடிக்கிறன்."

எனக்கு நம்பிக்கை வந்தது. ஒரு சொல்தானே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். அப்பா கட்டிலில் நிமிர்ந்து இருந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அவனிட்டை நான் கேக்கிறதோ?" என்றார்.

"ஓம். உங்கடை தம்பிதானே?"

"தம்பி எண்டபடியாத்தான் கேக்கேலாது."

இதற்குப் பிறகு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு கிழவர்கள், இரண்டு பேருக்கும் தலை நரைத்து, பல்லும் விழுந்தாயிற்று, நடுவில் ஒரு சீமெந்து மதில். ஒருவர் கேட்டால் கொடுப்பாராம், மற்றவர் கொடுத்தால் வாங்குவாராம், ஆனால் கேட்கமாட்டாராம். நான் குசினிக்குள் போய்ச் சட்டிகளைப் போட்டு உருட்டினேன்.

அம்மா கெட்டிக்காரி. இரண்டு நாள் பொறுத்து, மூன்றாம் நாள் காலையில் மதிலடியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று, சித்தப்பாவைக் கூப்பிட்டா. "உங்கடை அண்ணை கேக்கச் சொன்னவர்" என்று ஒரு முழுப் பொய்யை முகம் மாறாமல் சொன்னா.

"மெய்யே அண்ணி?" என்றார் சித்தப்பா. அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன். பரிசு கிடைத்த பிள்ளையின் குரல். அவர் உடனேயே மதிலடிக்கு வந்துவிட்டார். எங்கள் அறை யன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். உள்ளே கட்டிலில் அப்பா.

"அண்ணை! கேட்டனீங்களாமே! உதுக்கேன் அண்ணி வாளியிலை ஏறி நிக்கவேணும், நீங்கள் யன்னலாலை ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

அம்மா வாளியின் மேல் நின்றபடி என்னைப் பார்த்தா. நான் உள்ளே ஓடி அப்பாவின் கையைப் பிடித்தேன். "ஓம் எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். ஓம் எண்டு மட்டும்." அவர் என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு கணம் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லை" என்றார். மூச்சில்லாத மனிதருக்கு அதைச் சொல்லமட்டும் எங்கிருந்தோ மூச்சு வந்தது. மதிலுக்கு அப்பால் நன்றாகக் கேட்டிருக்கும்.

சித்தப்பாவின் செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. அம்மா வாளியிலிருந்து இறங்கி, அதே வாளியில் தண்ணீர் பிடித்து உடுப்புத் தோய்க்கத் தொடங்கினா.

மார்கழி பிறந்து கோவில்களில் விடியற்காலைப் பூசையும் தொடங்கிவிட்டது. சங்கு ஊதி, சேமக்கலம் அடித்துப் பாடிக்கொண்டு போகிற கூட்டம், இருள் பிரியும் நேரம் தெருவால் வரும். முன்பு கோச்சி றோட்டால் எங்கள் வாசலுக்கே வந்தவர்கள், இப்போது கடவையில் நின்று எங்கள் பக்கம் பார்த்துச் சங்கை ஊதிவிட்டுப் போவார்கள். அவர்கள் வந்து ஊதிவிட்டுப் போன ஒரு காலையில்தான் அப்பாவுக்கு இரண்டாம் முறை மூச்சு முட்டியது. நகம் நீலமாகியிருந்தது. அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். வருகிறோம் என்றார்கள். அவர்கள் கடவையிலிருந்து நடந்து வரும் நேரத்தை மிச்சம் பிடிப்போம் என்று, பக்கத்து வீட்டு மேசனைக் கூப்பிட்டு, அப்பாவைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி, முன்கால்களை அவரும் பின்புறத்தை நானுமாகத் தூக்கிக்கொண்டு விளிம்பில் இறங்கினோம். அம்மா பின்னால் வந்தா. நல்ல பனி. துவாயை அப்பாவின் தலையில் சுற்றியிருந்தோம்.

பாதி வழியில் தண்டவாளம் இரையத் தொடங்கியது. கொழும்புக்குப் போகும் காலை ரயில். கதிரையை வேலியோடு ஒட்டி வைத்துவிட்டு நாங்களும் வேலியோடு ஒட்டி நின்றோம். அப்பாவின் முகத்தில் தூசி படாமல் அம்மா தன் சீலைத் தலைப்பை விரித்துப் பிடித்தா. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வெளிச்சமான யன்னல்களில் ஆட்கள் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தி தேத்தண்ணிக் கோப்பையை வாயருகே வைத்தபடி பார்த்தாள். நான் அவளைத் திட்டினேன். ரயிலை, கோச்சி றோட்டை, மதிலை, அப்பாவை, எல்லாரையும் வாய்விட்டுத் திட்டினேன். அந்த இரைச்சலில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

ரயில் போய்விட்டது. அம்மா தலைப்பை எடுத்தா. அப்பா போய்விட்டார்.

நாங்கள் அப்படியே கதிரையைத் தூக்கிக்கொண்டு கடவை வரைக்கும் போனோம். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே அம்புலன்ஸ் வந்து நின்றது. அதற்குப் பக்கத்தில் சித்தப்பா நின்றார். நாங்கள் குழறி அழுத சத்தம் மதிலுக்கு அப்பால் கேட்டு, மேலில் சேர்ட்டும் இல்லாமல், அந்த வயதில் தெருவால் சுற்றி ஓடிவந்திருக்கிறார். தன் அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே சல்லிக்கல்லின் மேல் குந்திவிட்டார்.

செத்தவீட்டுக்கு வந்த ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, பஞ்சமி என்றார். எங்கள் பக்கத்தில் பஞ்சமியில் உயிர் போனால் உடலைப் படலையால் கொண்டுபோகமாட்டார்கள். வேலியையோ மதிலையோ பிரித்துப் புதுவழி திறந்து அதனால்தான் எடுப்பார்கள். எடுத்த கையோடு அந்த வழியை அடைத்தும் விடவேண்டும். அடைக்காவிட்டால் போனவர் அதே வழியால் திரும்பி வந்து வீட்டிலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பது நம்பிக்கை. ஐயர் இதைச் சொல்லி முடிக்கும்போதே சித்தப்பா எழும்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால் இடி விழத் தொடங்கியது. வேறு ஒருவரையும் கைவைக்க விடவில்லையாம். கிணற்றுக்கும் குசினிக்கும் இடையில், நான் கைகாட்டிய அதே இடத்தில், தானே அலவாங்கால் இடித்தார். ஒவ்வோர் அடிக்கும், "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அண்ணை, ஒரு சொல்லு" என்று அழுதுகொண்டு இடித்தார். கல்லுகள் எங்கள் வளவுக்குள் விழுந்தன. மதில் எழும்பியதிலிருந்து அந்தப் பக்கத்தில் வெளிச்சம் காணாத எங்கள் பின் விறாந்தையில் காலை வெயில் வந்து விழுந்தது. அந்த இடைவெளிக்குள்ளால் தார் போட்ட ஒழுங்கையும், அதில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களும் தெரிந்தன. இவ்வளவு பக்கத்திலா இருந்தது தெரு!

அப்பா அந்த வழியால் போனார். உயிரோடு போக மாட்டேன் என்ற ஒழுங்கையால் நாலு பேர் தோளில் போனார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நாங்கள் மதில் வாயிலில் நின்று குழறினோம். பறைச் சத்தம் முடக்குத் திரும்பியதும், கதிரையை என்னோடு சேர்ந்து தூக்கிய அதே மேசன், குழைத்த சீமெந்தோடு வந்து நின்றார். "அக்கா, உள்ளுக்கு வாங்கோ, அடைக்கவேணும்" என்றார். நான் நகரவில்லை. பெரியாக்கள் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார்கள். சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வருமுன் மதில் பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. புதுச்சீமெந்து மட்டும் கறுப்பாக, ஒரு கதவு அளவுக்குத் தெரிந்தது. இப்போது அதுவும் வெளிறிவிட்டது.

அண்ணை வந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை முடித்துவிட்டுப் போனான். போகும்போது, "வீட்டை வித்துப்போட்டு ரவுணிலை ஒரு வாடகை வீட்டுக்குப் போங்கோ" என்றான். வழியில்லாத வீட்டை யார் வாங்குவான் என்று கேட்டேன். அவனுக்குக் கண்ணிமை உறைகிற ஊரில் வேலை இருந்தது, போய்விட்டான்.

இந்த மார்கழியில் அம்மாவுக்கு இருமல். இழுப்பில்லை, வெறும் சளித் தடிமன் என்று அவவே சொல்லிக்கொள்கிறா. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். நான் மறுபடியும் ஊரைச் சுற்றிச் சித்தப்பாவிடம் போனேன். இந்தமுறை கேட்க வெட்கப்பட ஆளில்லை. நானே கேட்டேன். கும்பிட்டுக் கேட்டேன்.

சித்தப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். மதிலில் அந்தத் துண்டைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"குசினியை இடிக்கலாமெண்டால் அதுக்குப் பின்னாலை குழி. அந்தப் பக்கம் அறையள். உந்த ஓரிடம்தான் இருக்கு. அது பஞ்சமி எடுத்த வழி, பிள்ளை. அதைத் திறந்து ஆள் நடமாடுறதோ? அண்ணை வந்து கொம்மாவைத்தான் முதலிலை கொண்டுபோவார். நான் எப்பிடி என்ரை கையாலை திறப்பன், சொல்லு?"

நான் நம்புகிறவள் இல்லை. உதெல்லாம் சும்மா கதை என்று சொன்னேன், சத்தம் போட்டும் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அழுதார். தரமாட்டேன் என்றவரோடு மல்லுக்கட்டலாம். தரவேண்டும் என்று அழுகிறவரோடு என்ன செய்வது? நான் எழும்பி, ஒழுங்கையால், தெருவால், கடவையால், விளிம்பால் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா படலையில் கதிரை போட்டு இருந்தா. என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பின்னேர ரயில் வந்தது. வழமைபோல இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அது போகும்வரை பார்த்திருந்தோம். போனபின் அம்மா இருமி முடித்துவிட்டு, பகிடி விடுகிற குரலில் சொன்னா:

"நானும் பாத்து ஒரு பஞ்சமியிலை போறன். மதிலையெண்டாலும் திறப்பினம். இல்லாட்டி உந்த விளிம்பாலை என்னை ஆர் காவுறது?"

தானே சிரித்தும் கொண்டா. நான் உள்ளே வந்தேன். சுவரில் கலண்டர் தொங்கியது. அடுத்த பஞ்சமி எப்போது என்று என் கண் தன்பாட்டில் தேடிக்கொண்டிருந்தது.